டிஸ்பென்சரிப் புத்தகம் சொன்ன சாட்சி

பசறைக்கு மேலே, நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தோட்டம். பெயர் இங்கே வேண்டாம். புல்லுக்கு மருந்து அடிக்கும் வேலையில் இருந்த ஒருவர் தானாகவே வேலையைக் கைவிட்டுவிட்டார் என்று எழுதி, நிர்வாகம் செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவில் அவர் பெயரை வெட்டியது. கடிதம் ஆங்கிலத்தில். பள்ளிக்கூடம் போகிற மகள்தான் லயத்தில் உட்கார்ந்து அகராதியைப் பார்த்துப் பார்த்து வாசித்துச் சொல்லியிருக்கிறாள். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் அவரைப் பதுளைக்குக் கூட்டிவந்து, சட்டத்தரணியான என் முன்னால் உட்காரவைத்தபோது, சங்கத்தின் மனதில் வழக்கு ஏற்கெனவே முடிந்திருந்தது. மருந்து அடித்துக் கை வெந்துபோனது. தோட்டம் நட்டஈடும் தரவேண்டும், வேலையும் தரவேண்டும்.

கையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மணிக்கட்டு வரை தோல் தடித்திருந்தது. மூட்டுகளில் வெடிப்பு. விரல் இடுக்குகளில் நீர்க்கசிவு. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் தலைவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு ஆளைக் கேட்டேன்.

"எப்ப இருந்துண்ணே இப்படி?"

"மறுபடி மருந்து அடிக்க ஆரம்பிச்சதுல இருந்துங்க மிஸ். டிஸ்பென்சரில கிரீம் குடுப்பாங்க. பூசின ஒடனே எரியும். ரெண்டு நாளைக்கு அடங்கின மாதிரி இருக்கும். அப்புறம் முன்ன இருந்தத விட மோசமா வரும்."

வழக்கு கடைசியில் இந்த வார்த்தைகளின் மேல்தான் நின்றது.

"மறுபடி" என்று அவர் சொன்னதற்கு ஒரு பின்னணி உண்டு. 2015இல் அரசாங்கம் கிளைபோசேட் என்னும் புல் மருந்தைத் தடைசெய்தது. தோட்டங்களில் புல் தோளுயரம் வளர்ந்தது. ஆள் போட்டுச் சுரண்டவேண்டி வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு ஆண்கள் மறுபடி மலைக்குப் போனார்கள். இவருடைய கையில் அரிப்பு தொடங்கியது அதற்குப் பிறகு வந்த கச்சான் காலத்தில். ஆடி, ஆவணியில் மலையைத் தாண்டி வறண்டு இறங்குகிற அந்தக் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தருகிற மணத்தைக் கொடுப்பது. கொழுந்துக்குள் மணத்தைச் சேர்க்கும் காற்று வேலைசெய்கிறவர்களின் கையையும் உதட்டையும் வெடிக்கவைக்கும். வெடித்த தோலுக்குள் எது வேண்டுமானாலும் இறங்கும். பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்தில் இதைச் சொல்லித்தர வைத்தியர் தேவையில்லை.

சட்டத்தில் இரண்டு வழி இருந்தது. ஒன்று, 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். கவ்வாத்துக் கத்தி விரலை வெட்டினால் அந்த வழி நேரானது, ஏனென்றால் விபத்து கண்ணுக்குத் தெரியும். நோய் என்று வந்தால், அந்த வேலைதான் அந்த நோயைத் தந்தது என்று காட்டியாக வேண்டும். மற்றது, 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபைக்குப் போவது. அங்கே கேட்கப்படும் கேள்வி வேறு. வேலை எப்படி நின்றது, நிறுத்தியது நியாயமா என்பதுதான் அது. நியாய சபை சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் நுணுக்கங்களுக்குக் கட்டுப்பட்டதல்ல. நீதியும் நியாயமுமான கட்டளை ஒன்றைத் தரும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும். எங்களுக்கு அவகாசம் குறைவாகவே இருந்தது. நியாய சபை மனுவை முதலில் போட்டுவிட்டு, நட்டஈட்டைப் பற்றி வைத்தியர் சொன்ன பிறகு யோசிக்கலாம் என்று தலைவரிடம் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

தோல் வைத்திய நிபுணர் கையைப் பார்த்தார், கதையைக் கேட்டார், கிரீம் டியூபைக் கொண்டுவரச் சொன்னார். நல்ல வேளையாக மனைவி பழைய டியூப்களைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் வைத்திருந்தார். க்ளோபெட்டசோல் என்னும் ஸ்டீராய்டு கிரீம் அது, பூசும் ஸ்டீராய்டுகளில் மிகவும் வலுவானது. டிஸ்பென்சரியில் தீர்ந்துபோன நாட்களில் பசறை டவுனில் சொந்தக் காசுக்கும் வாங்கியிருக்கிறார். "இதை நிறுத்துங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்தியர் அவரை வெளியூர்ப் பெரிய வைத்தியசாலை ஒன்றுக்குப் பேட்ச் டெஸ்டுக்கு அனுப்பினார்.

ஜெர்மன் தோல் வைத்தியர் ஜோசப் யடாசோன் 1895இல் விளக்கிய முறை அது. இன்றுவரை அடிப்படை மாறவில்லை. சந்தேகப்படும் பொருள்களைச் சிறு சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். இன்னும் ஓரிரண்டு நாள் விட்டு மறுபடி பார்ப்பார்கள். உடனே சிவந்து பிறகு மங்கினால் அது பெரும்பாலும் வெறும் எரிச்சல். நாளாக ஆக ஏறிக்கொண்டு போனால் ஒவ்வாமை. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. அந்த நாட்கள் முழுவதும் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக்கூடாது, சுமை தூக்கக்கூடாது. ஒரே வாரத்தில் திரும்பத் திரும்ப வைத்தியசாலைக்குப் போகவேண்டும். பேர் போட்டால்தான் சம்பளம் என்று இருக்கிற ஒருவருக்கு இந்தச் சோதனை என்பது ஒரு வாரச் சம்பளம், பஸ் காசு, அந்நிய ஊரில் படுக்க ஓர் இடம். இலங்கையின் தோட்டத் தொழிலாளர்களில் எத்தனை பேருடைய கைக்கு இந்தச் சோதனை நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இவருக்கு நடந்தது, அந்த ஊரில் ஒரு மச்சான் இருந்ததால்.

முடிவு வந்தபோது தலைவர் முகம் வாடிப்போனது. ரப்பர் கையுறையில் இருக்கும் இரசாயனங்களுக்கு ஒன்றும் இல்லை. வாசனைப் பொருள்களுக்கும் இல்லை. கிளம்பி நின்றது புரொப்பிலீன் கிளைக்கோல். அந்தக் கிரீமையே தனியாக வைத்த இடத்திலும் தோல் தடித்துச் சிவந்திருந்தது. ஆறவைக்கக் கொடுத்த கிரீம்தான் கையை ஆறவிடாமல் வைத்திருந்தது.

புரொப்பிலீன் கிளைக்கோல் நிறமும் வாடையும் இல்லாத, பாகு போன்ற ஒரு திரவம். தண்ணீரில் முழுதாகக் கலக்கும். தண்ணீரில் கரையாத பல மருந்துகளைக் கரைக்கும். ஈரத்தைப் பிடித்துவைக்கும். மருந்தைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிவிடும். அதனால் கிரீம், லோஷன், ஷாம்பு, தலைமுடி வளர்க்கும் மினொக்சிடில் திரவம், ஈரத் துடைப்பான் என்று கைபடும் இடமெல்லாம் இருக்கிறது. ஈ1520 என்ற இலக்கத்தில் உணவிலும் சேர்க்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. செறிவு கூடினால், தோல் வெடித்திருந்தால், மேலே கையுறையோ கட்டோ போட்டு மூடினால் யாருக்கும் எரியலாம். சிலருக்கு மட்டும் உடம்பு அதை எதிரியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. வட அமெரிக்கத் தோல் வைத்தியர் குழு ஒன்று 1996 முதல் 2006 வரை பேட்ச் டெஸ்ட் செய்தவர்களில் 3.5 சதவீதத்தினருக்கு இது கிளம்பியிருக்கிறது. அமெரிக்கத் தொடுகை ஒவ்வாமைச் சங்கம் 2018இல் இதைத்தான் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது.

கிளைக்கோல் என்றவுடன் வாசகருக்கு இருமல் பாணி ஞாபகம் வரலாம். 2022இல் காம்பியாவிலும், 2025இல் காஞ்சிபுரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்திலும் குழந்தைகளைக் கொன்றவை வேறு கிளைக்கோல்கள். அவற்றில் முக்கியமானது டைஎத்திலீன் கிளைக்கோல். அது சிறுநீரகத்தை அழிக்கும் விஷம். 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்ற சல்ஃபனிலமைட் பாணியிலும் இருந்தது அதுதான். நமது வழக்கில் விஷம் இல்லை, கலப்படம் இல்லை. சரியாகத் தயாரித்த மருந்து, சரியான அளவில் சேர்த்த பொருள். எனக்குச் சிக்கலும் அங்கேதான் இருந்தது, குற்றம் சாட்ட ஆளில்லை.

இந்த ஒவ்வாமை இத்தனை மாதம் மறைந்திருந்ததற்கு வைத்தியர் சொன்ன விளக்கம் எனக்கு ஒரு நல்ல குறுக்கு விசாரணையைக் கேட்டது போல இருந்தது. ஸ்டீராய்டின் வேலையே ஒவ்வாமையை அடக்குவது. அதைச் சுமந்து வரும் கிரீமோ ஒவ்வாமையைக் கிளப்புகிறது. ஒரே டியூபுக்குள் இரண்டும் இருப்பதால் பூசினால் எரியும், பிறகு அடங்கும், நிறுத்தினால் பொங்கும். பொங்கியதைப் பார்த்து நோயாளி இன்னும் பூசுவார். கொடுப்பவரும், நோய் முற்றிவிட்டது என்று நினைத்து, இன்னும் கொடுப்பார். லேபிளைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. முகத்துக்குப் பூசும் அழகுக் கிரீமின் பெட்டியில் பொடி எழுத்திலாவது உள்ளே இருப்பதையெல்லாம் அச்சிடுகிறார்கள். இந்தியாவிலிருந்து நமக்கு வரும் மருந்துக் கிரீம் டியூப் பலவற்றில் ஸ்டீராய்டின் பெயரும் அளவும் இருக்கும். மீதியை "கிரீம் பேஸ்" என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். 2015இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் வந்தபோது இதற்கும் ஒரு வழி பிறக்கும் என்று நான் நம்பினேன். டியூபில் இடமில்லை என்றால் பெட்டிக்குள் வைக்கும் தாளிலாவது முழுப் பட்டியலையும் போடவைக்கவேண்டும் என்பது இன்றும் என் கட்சி.

இனி நட்டஈடு. புல் மருந்திலும் இதே கிளைக்கோல் இருக்கலாமே என்று தலைவர் கேட்டார். கெட்டிக்காரக் கேள்விதான். உறையாமல் இருக்க இதைச் சேர்க்கும் விவசாயத் திரவங்கள் உண்டு. ஆனால் அந்தக் கேனின் லேபிளிலும் வீரியப் பொருளின் பெயர் மட்டும்தான் இருந்தது. முதல் அரிப்பை ஈரமும் வியர்வையும் மருந்தும் கச்சானும் சேர்ந்து தந்திருக்கக்கூடும் என்பதற்குமேல் வைத்தியர் ஒரு அடி வைக்கவில்லை. அந்த அளவு சாட்சியத்தை வைத்துக்கொண்டு நட்டஈட்டு ஆணையாளர் முன்னால் போனால் தோற்போம். அந்தத் தோல்வியை மறுதரப்பு நியாய சபையில் கொண்டுவந்து காட்டும். நட்டஈட்டு வழியை மூடினேன். "கம்பெனிய விட்டுட்டீங்களே மிஸ்" என்று தலைவர் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

தோட்டத்துக்காகக் கொழும்பிலிருந்து வந்த மூத்த சட்டத்தரணி, வைத்திய அறிக்கையைப் பார்த்ததும் மகிழ்ந்துபோனார். எங்கள் அறிக்கையே தோட்டத்தைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது என்றார். இது இந்த மனிதரின் உடம்பு வாகு. ஆயிரம் பேர் பூசும் கிரீம் இவருக்கு ஆகவில்லை என்றால் அதற்கு நிர்வாகம் என்ன செய்யும்? வேலைக்கு வரமுடியாதவர் வரவில்லை, வராதவரின் பெயர் வெட்டப்பட்டது, அவ்வளவுதான். அதோடு நிற்காமல் 1939ஆம் ஆண்டின் கிரிஃபித்ஸ் எதிர் பீட்டர் கான்வே என்ற ஆங்கிலத் தீர்ப்பையும் எடுத்து வைத்தார்.

கிரிஃபித்ஸ் என்ற பெண்மணி ஹாரிஸ் ட்வீட் துணியில் கோட் ஒன்று தைக்கக் கொடுத்து வாங்கினார். அணிந்ததும் தோல் அழற்சி வந்தது. வழக்குப் போட்டார், தோற்றார். சாதாரணத் தோலை எதுவும் செய்யக்கூடிய பொருள் அந்தத் துணியில் இல்லை. அவருடைய தோல் அசாதாரணமானது. அதை அவர் கடைக்காரரிடம் சொல்லவில்லை. சொல்லாததைக் கடைக்காரர் எப்படி அறிவார் என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். எதிர்த்தரப்புக்கு அந்தத் தீர்ப்பில் பிடித்தது "அசாதாரணத் தோல்". எனக்குப் பிடித்தது "சொல்லவில்லை".

தோல் அழற்சி வழக்குகள் என்றால் சட்டக் கல்லூரியில் படித்த எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது கிராண்ட் வழக்கு. அடிலெய்டில் இருந்த வைத்தியர் கிராண்ட் 1931இல் கம்பளி உள்ளாடை வாங்கினார். துவைக்காமல் அணிந்தார். அன்றைக்கே கணுக்கால் அரித்தது. பிறகு உடம்பெல்லாம் பரவி மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்; ஒரு கட்டத்தில் உயிருக்கே ஆபத்து. ஆலையில் சலவை செய்தபோது கம்பளியில் சல்ஃபைட் மிஞ்சிவிட்டது என்பது அவர் வழக்கு. இலட்சக்கணக்கில் விற்கிறோம், வேறு யாரும் முறைப்பாடு சொல்லவில்லை, இவர் தோல்தான் கோளாறு என்பது ஆலையின் பதில். தென் அவுஸ்திரேலியாவில் வென்றார். அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 1935இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் மறுபடி வென்றார். பிரபு ரைட் தந்த தீர்ப்பு அது. இவருடைய தோல் அசாதாரணமானது என்பது நிரூபிக்கப்படவில்லை, இருக்கக்கூடாத பொருள் துணியில் இருந்தது என்று அங்கே முடிவானது. 1971 வரை இலங்கை வழக்குகளுக்கும் அதே பிரிவி கவுன்சில்தான் கடைசி வாசல். அதனால் நமது பழைய சட்டத்தரணிகள் வாயில் இந்த உள்ளாடை அடிக்கடி வரும்.

கிராண்டைத் தூக்கிப் பிடித்தால் எதிர்த்தரப்பு என்னை ஒரே வீச்சில் வீழ்த்தியிருக்கும். இங்கே கிரீமில் இருக்கக்கூடாதது எதுவும் இல்லை. எனவே கிராண்டை விட்டுவிட்டு, அவர் கொண்டுவந்த தீர்ப்பையே பிடித்துக்கொண்டேன். கூடவே 1955இல் வந்த இங்ஹாம் எதிர் எம்ஸ். சலூன் ஒன்றில் தலைமுடிக்கு இனெக்டோ சாயம் பூசிக்கொண்ட ஒரு பெண், முன்பு ஒருமுறை அதே சாயம் தனக்கு ஒவ்வவில்லை என்பதை மறைத்தார். பூசும் முன் செய்த சோதனையில்கூட ஒன்றும் தெரியவில்லை. பிறகு தோல் வெந்தது. அவரும் தோற்றார், காரணம் அதேதான்: தெரிந்தும் சொல்லவில்லை. மறுபக்கம் 1950இல் பிரபுக்கள் சபை தீர்த்த பாரிஸ் எதிர் ஸ்டெப்னி. ஒரு கண் ஏற்கெனவே பழுதான கராஜ் தொழிலாளி. அது அவருடைய முதலாளியான ஸ்டெப்னி மாநகர சபைக்குத் தெரியும். பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்கவில்லை. நல்ல கண்ணும் போனது. ஒரு தொழிலாளியின் குறை முதலாளிக்குத் தெரிந்த பிறகு, அவர் விஷயத்தில் கவனம் கூடத்தான் வேண்டும் என்று ஐவரில் மூவர் தீர்த்தார்கள்.

நியாய சபைத் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவை எல்லாம் விற்பனையும் கவனயீனமும் பற்றியவை; இங்கே இருப்பது வேலைநீக்கம்" என்றார். சரியான பேச்சு. நானும் அந்த வழக்குகளால் வெல்ல நினைக்கவில்லை. மனிதரின் தோல் எப்படிப்பட்டது என்ற பேச்சிலிருந்து, யாரிடம் எப்போது சொன்னார் என்ற பேச்சுக்கு விசாரணையைத் திருப்பவே எனக்கு அவை வேண்டியிருந்தன.

யாரிடம் சொன்னார்? டிஸ்பென்சரியில் சொன்னார். டிஸ்பென்சரி யாருடையது? இந்த ஒரு இடத்தில் தோட்டத் தொழிலாளியின் நிலை நகரத்துத் தொழிலாளியின் நிலையிலிருந்து வேறுபடுகிறது. பதுளைக் கடைத்தெருவில் வேலைசெய்கிறவருக்கு முதலாளி ஒருவர், வைத்தியர் வேறொருவர். தோட்டத்தில் இரண்டும் ஒரே கூரை. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டக் காலத்திலிருந்தே தொழிலாளியின் வைத்தியத்துக்குத் தோட்டத்தைப் பொறுப்பாக்கி வந்திருக்கிறார்கள். தோட்டத்து மருத்துவ உதவியாளர் சம்பளம் வாங்குவது தோட்டத்திடம். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பேர் போடலாமா கூடாதா என்பதற்கு அவர் கொடுக்கும் துண்டுதான் ஆதாரம். அவருக்குச் சொன்னால் நிர்வாகத்துக்குச் சொன்னதாகாதா?

வாய்ச்சொல் போதாது. டிஸ்பென்சரிப் புத்தகத்தைச் சமர்ப்பிக்கும்படி கட்டளை கேட்டோம். எதிர்த்தரப்பு அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. நோயாளிப் பதிவுதானே என்று நினைத்திருக்கவேண்டும். வந்தது பழைய, அட்டை கழன்ற, நீண்ட கோட்டுக் கொப்பி. தேதி, செக்ரோல் இலக்கம், நோய், கொடுத்த மருந்து என்று நான்கு பத்தி. எங்கள் ஆளின் இலக்கத்துக்கு நேரே அதே கிரீம் மாதாமாதம் இருந்தது. சில வரிகளில் கடைசிப் பத்தியின் ஓரத்தில், சிறிய எழுத்தில், "பூசினால் எரிவு கூடுது என்கிறார்" என்று எழுதியிருந்தது. இன்னொரு பக்கத்தில் "பலன் இல்லை, பதுளை கிளினிக் அனுப்பியது". அந்தக் கிளினிக் நாட்கள்தான் நிர்வாகம் "அறிவிக்காமல் வராத நாட்கள்" என்று காட்டிய பட்டியலிலும் இருந்தன.

அந்த மருத்துவ உதவியாளரைக் கூண்டில் ஏற்றியபோது பயந்துபோயிருந்தார். தன் தலையில் பழி விழப்போகிறது என்று நினைத்தார். எனக்கு அவர்மேல் கோபமில்லை. அவர் கையில் இருந்ததைத்தான் கொடுத்தார், நோயாளி சொன்னதை நேர்மையாக எழுதியும் வைத்தார். இது உங்கள் கையெழுத்தா, இந்த முறைப்பாட்டை அலுவலகத்துக்குத் தெரிவித்தீர்களா என்பதற்குமேல் அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. உதவி முகாமையாளரான சின்னத் துரையிடம் சொன்னதாகச் சொன்னார்.

கணக்கப்பிள்ளையின் சாட்சியம் மீதியை முடித்தது. பிரட்டுக்களத்துக்கு அவர் வந்தாரா என்று கேட்டேன். வந்தார். என்ன சொன்னீர்கள்? "இந்தக் கையோட டாங்கி தூக்க முடியாது, கை ஆறினதும் வான்னு சொன்னேன்." வேறு வேலை கேட்டாரா? கேட்டார். கொடுத்தீர்களா? "அது என் கையில இல்லைங்க."

வேலையைக் கைவிட்டதாகச் சொல்ல, ஆள் வராதது மட்டும் போதாது. திரும்பி வரும் எண்ணமே இல்லாமல் போனதாகவும் காட்டவேண்டும். 1996இல் நெல்சன் டி சில்வா எதிர் இலங்கை அரச பொறியியல் கூட்டுத்தாபனம் வழக்கில் நமது நீதிமன்றமே இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்கிறது. பிரட்டுக்களத்துக்கு வந்து வேறு வேலை கேட்டவர் திரும்பி வரும் எண்ணம் இல்லாதவர் என்று எந்த நியாய சபையும் சொல்லாது. கொழும்புச் சட்டத்தரணி வைத்தியரை நீண்ட நேரம் குறுக்கு விசாரணை செய்தார். இந்தப் பொருள் உணவில் இருக்கிறதா? இருக்கிறது. அழகுசாதனங்களில்? இருக்கிறது. அப்படியானால் பாதுகாப்பானதுதானே? "உங்களுக்கும் எனக்கும் பாதுகாப்பானது. இவருக்கு இல்லை. இவர் அதைத்தான் ஒன்றரை வருஷமாகச் சொல்லியிருக்கிறார்" என்றார் வைத்தியர். அதற்குப் பிறகு கேள்வி இல்லை.

அதற்குள் கையே இன்னொரு சாட்சியாகிவிட்டது. அந்தக் கிளைக்கோல் இல்லாத, வாஸ்லின் போன்ற அடித்தளத்தில் செய்த ஸ்டீராய்டு ஒயின்ட்மென்டை வைத்தியர் கொடுத்திருந்தார். அதன்பிறகு வெறும் வெள்ளை வாஸ்லின். விசாரணை பாதி நடக்கும்போதே வெடிப்பு மூடிவிட்டது. கை ஆறினால் வா என்று சொன்ன கணக்கப்பிள்ளையின் முன்னால், ஆறின கையோடு உட்கார்ந்திருந்தார்.

கட்டளை எங்களுக்குச் சாதகமாக வந்தது. வேலையைக் கைவிடும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லை. நோய் பற்றி நிர்வாகத்துக்கு அறிவு இருந்தது. பெயர் வெட்டியது நியாயமற்றது. பழைய இலக்கத்திலேயே செக்ரோலில் சேர்க்கவேண்டும், சேவைக்காலம் அறுபடக்கூடாது, நின்ற காலச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுக்கவேண்டும். முழுச் சம்பளம் கிடைக்கவில்லை. சோதனை முடிவு வந்த பிறகும் அதை எழுத்தில் தோட்டத்துக்கு அனுப்பத் தாமதித்த நாட்களை நியாய சபைத் தலைவர் கழித்துவிட்டார். அதிலும் நியாயம் இருந்தது. மருந்து அடிக்கும் வேலைக்குப் பதிலாக நாற்றுமேடையில் போடுவதாகத் தோட்டம் ஒப்புக்கொண்டது. மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு போகும் உரிமை அவர்களுக்கு இருந்தது, போகவில்லை. கிரீம் தயாரித்தவர் மேலோ கொடுத்தவர் மேலோ யாரும் எந்த வழக்கும் போடவில்லை. போடுவதற்கு இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் இதை வாசித்தால் வீட்டில் சொல்லுங்கள். பூசும் மருந்து எரிந்தால், பூசுவதை நிறுத்திவிட்டு, கொடுத்தவரிடமே போய் எரிகிறது என்று சொல்லுங்கள். சொன்னதைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். டியூப் காலியானாலும் பெட்டியோடு வைத்திருங்கள். கிளினிக் கொப்பியைத் தொலைக்காதீர்கள். வைத்தியர் சொன்னதைத் துரைக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். பேர் போடாமல் திருப்பி அனுப்பினால் அன்றைய திகதியையும் யார் அனுப்பினார் என்பதையும் குறித்துவையுங்கள். பெயர் வெட்டிய கடிதம் எந்த மொழியில் வந்தாலும், வேலை நின்ற நாளிலிருந்தே கணக்கு ஓடுகிறது: தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதம்தான்.